வார்டில் மாணவர் எதைப் பார்க்கிறார்? மருத்துவ ஆசிரியர் முன்மாதிரியாகும் விதம்

மருத்துவக் கல்வியைப் பற்றி நாலு பேர் பேசினால், "நல்ல டாக்டரோடு இருந்தால் நல்ல டாக்டராகிவிடலாம்" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் இரண்டு தவறான எண்ணங்கள் நிலைத்துவிட்டன. முன்மாதிரியாக இருப்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என்பது ஒன்று. பக்கத்தில் நின்று பார்த்தாலே மாணவருக்கு எல்லாம் வந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவது எண்ணத்தால் வரும் கேடு பெரிது. அதைத்தான் இந்தக் கட்டுரை அதிகம் பேசப்போகிறது.

முதலில் இரண்டு சொற்கள். மருத்துவ ஆசிரியர் என்று இங்கே சொல்வது வகுப்பறையில் மட்டும் பாடம் நடத்துபவரை அல்ல; நோயாளியைப் பார்த்துக்கொண்டே, அதே இடத்தில் மாணவருக்கும் கற்றுத்தருபவரை. முன்மாதிரி என்பவர், தான் செய்வதைப் பார்த்து இன்னொருவர் தன் நடத்தையை அமைத்துக்கொள்ளும்படி இருப்பவர். "நான் இவருக்கு முன்மாதிரி" என்று அவர் முடிவு செய்ய வேண்டியதில்லை. அது நடப்பதுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வழிகாட்டி வேறு: அவர் ஒரு மாணவரை அறிந்து, உட்கார்த்திப் பேசி, அவருடைய பாதையில் உதவுபவர். வழிகாட்டியாக இருக்க மறுக்கலாம். முன்மாதிரியாக இருக்க மறுக்க முடியாது. மாணவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

## ழகரத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஒரு குழந்தைக்கு "மழை" என்று சரியாகச் சொல்ல எப்படி வந்தது? நாக்கை எவ்வளவு மடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள், குழந்தைக்கும் வந்தது. வீட்டில் எல்லோரும் "மளை" என்று சொன்னால் குழந்தைக்கும் அதுதான் வரும். பிறகு பள்ளியில் இலக்கணம் படித்து, ழகரம் எங்கே பிறக்கிறது என்று தேர்வில் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கினாலும், வாயில் வருவது "மளை"தான். எழுதியது ஒரு வழியில் வந்தது, பேச்சு வேறு வழியில் வந்தது.

மருத்துவ மாணவரும் இப்படித்தான். நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறார், தேர்வில் எழுதுகிறார். ஆனால் வார்டில் அவர் வாயில் வரும் தொனி, நிற்கும் விதம், நோயாளியின் முகத்தைப் பார்க்கிறாரா கோப்பைப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அவர் யார் பின்னால் ரவுண்ட்ஸ் போனாரோ அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டவை.

## தீயைக் குறைத்தது ஏன்?

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. உச்சரிப்பு முழுவதும் வெளியே கேட்கிறது. மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி வெளியே தெரிவதில்லை.

நன்றாகச் சமைப்பவர் ஒருவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். சட்டென்று தீயைக் குறைக்கிறார். குறைத்த கையை நீங்கள் பார்த்தீர்கள். ஏன் குறைத்தார்? எண்ணெயின் மணம் மாறியதாலா, சத்தம் மாறியதாலா, நிறத்தைப் பார்த்தா? அவர் சொல்லாவிட்டால், "மூன்றாவது நிமிடத்தில் தீயைக் குறைக்க வேண்டும்" என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். அடுத்த முறை பாத்திரமும் அளவும் மாறும்போது அடிப்பிடிக்கும். கையைக் கற்றீர்கள், காரணத்தைக் கற்கவில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்ப்போம். ஒன்று, நடத்தை யாரும் கற்பிக்காமலே ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, அதன் பின்னால் உள்ள சிந்தனை அப்படி ஒட்டிக்கொள்வதில்லை; யாராவது அதை வாய்விட்டுச் சொன்னால்தான் போய்ச்சேரும்.

## படுக்கையருகில் பாடம்

முன்மாதிரி என்று நாம் இன்று பொருள்கொள்ளும் கருத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். 1950களில் மருத்துவ மாணவர்கள் எப்படி மருத்துவர்களாக மாறுகிறார்கள் என்று ஆராய்ந்த குழுவை நடத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதால், இந்தச் சொல்லுக்கும் மருத்துவக் கல்விக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. அதற்கும் முன்பே, 1890களில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரை அரங்கிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு அழைத்துவந்தார். வார்டில் மாணவர்களுக்குக் கற்பித்தவர் என்பதைத் தவிர வேறு எதுவும் தன் கல்லறையில் எழுத வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

## பார்த்தது செயலாக மாறும் நான்கு படிகள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் நடத்திய சோதனை ஒன்று பிரபலமானது. காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைச் சிறு குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அந்தப் பொம்மையோடு விடப்பட்டபோது அவர்களும் அதே மாதிரி அடித்தார்கள், பெரியவர் சொன்ன சொற்களையும் சொன்னார்கள். யாரும் "அடி" என்று சொல்லவில்லை. பிறரைப் பார்த்தே கற்பதைச் சமூகக் கற்றல் என்று அவர் அழைத்தார். அது நடக்க நான்கு தேவை என்றார்: கவனம், நினைவு, செய்துபார்த்தல், தூண்டுதல்.

கை கழுவுவதை வைத்துப் பார்த்தால் நான்கும் எளிதில் புரியும். ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் படுக்கைக்குப் போகுமுன் கிருமிநாசினித் திரவத்தை எடுத்துத் தேய்க்கிறார்.

மாணவர் அதைக் கவனித்தாரா? எட்டுப் பேர் கூட்டத்தில் கடைசியில் நின்றால் தெரியவே தெரியாது. கவனித்திருந்தால், எப்படிச் செய்தார் என்பது நினைவில் நின்றதா? ஆல்கஹால் கலந்த திரவமென்றால் 20 முதல் 30 நொடிகள், சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 நொடிகள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் எப்போதும் விட்டுப்போகும். மூன்றாவது, மாணவருக்குத் தானே செய்துபார்க்க இடம் இருந்ததா? திரவப் புட்டி காலியாகத் தொங்கினால் அங்கேயே சங்கிலி அறுந்தது. நான்காவது, செய்வதற்கு ஏதேனும் பலன் தெரிந்ததா? மாணவர் கழுவி முடிக்கும்வரை மூத்தவர் ஒரு நொடி காத்திருந்தால் அது தூண்டுதல். "சீக்கிரம் வாங்க" என்று முன்னால் போய்விட்டால் அதுவும் ஒரு பாடம்தான், எதிர்த்திசையில்.

குழுவின் மூத்தவர் கழுவாமல் நோயாளியைத் தொட்டால், பின்னால் வருபவர்களும் பெரும்பாலும் கழுவுவதில்லை. சுவரில் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இதை ஈடுகட்ட முடியாது. நோயாளியைத் தொட்ட பிறகு கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். நோயாளியைத் தொடாமல், கட்டில் கம்பியையும் மேசையையும் மட்டும் தொட்டாலும் கழுவ வேண்டும் என்பது கை கழுவ வேண்டிய நேரங்கள் என்று அதே நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில் கடைசி. வேலைப்பளுவில் எளிதில் விட்டுப்போவது இதுதான். மூத்தவர் ஒருவர் இதைச் செய்வதை மாணவர் பார்த்திருக்காவிட்டால், புத்தகத்தில் படித்தது கையில் வராது.

## இரண்டு வாசல்கள்

பார்த்தது மாணவருக்குள் போக இரண்டு வாசல்கள் உண்டு. முதல் வாசலில் காவல் இருக்கிறது. மாணவர் கவனிக்கிறார், "இப்படி ஏன் செய்தார்?" என்று கேட்டுக்கொள்கிறார், அதிலிருந்து ஒரு பொதுக் கருத்தை எடுக்கிறார், தன் நோயாளியிடம் முயன்றுபார்க்கிறார். இப்படி நடந்ததைத் திரும்ப எடுத்து அசைபோடுவதை மீள்சிந்தனை என்பார்கள். இரண்டாவது வாசலில் காவலே இல்லை. நடை, தொனி, கிண்டல், அலட்சியம், பொறுமை எல்லாம் சோதனையில்லாமல் உள்ளே போகின்றன.

ஆசிரியர் நல்லவராக இருந்தால் இரண்டாம் வாசல் வழியாகவும் நல்லதுதானே போகும் என்று தோன்றலாம். போகும்; ஆனால் அரைகுறையாகப் போகும். எந்தச் சூழ்நிலைக்கு எது பொருந்தும் என்ற அறிவு அதோடு சேர்ந்து போகாது. ஆசிரியரின் வேலை, முடிந்த மட்டும் இரண்டாம் வாசலில் போவதை முதல் வாசலுக்குத் திருப்புவது.

## ஒரு பத்து நொடி மௌனம்

இதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். புற்றுநோய் உறுதியாகிவிட்டது, அதை நோயாளியிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் மாணவர் ஒருவரை உடன் அழைத்துப் போகிறார்.

கைப்பேசியை அமைதியாக்குகிறார். திரையை இழுத்துவிடுகிறார். நாற்காலியை இழுத்து, நோயாளியின் கண்மட்டத்துக்கு உட்காருகிறார். "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருக்கிறார். "ரிப்போர்ட் நாம எதிர்பார்த்த மாதிரி இல்லை" என்று முதலில் ஓர் எச்சரிக்கை. பிறகு ஒரே வாக்கியத்தில் செய்தி. "புற்றுநோய்" என்ற சொல்லைச் சுற்றி வளைக்கவில்லை. அதன் பிறகு எதுவும் பேசவில்லை. பத்து நொடிகள். நோயாளி ஜன்னல் பக்கம் பார்க்கிறார், கை போர்வையின் ஓரத்தைப் பிசைகிறது. ஆசிரியர் அசையவில்லை. நோயாளி வாய் திறந்த பிறகுதான் சிகிச்சையைப் பற்றிய பேச்சு.

மாணவர் என்ன பார்த்தார்? மேடம் பேச வார்த்தை கிடைக்காமல் தடுமாறினார் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். அந்த மௌனத்தை நிரப்ப அவருக்கே ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். வெளியே வந்ததும் தாழ்வாரத்தின் ஓரத்தில் மூன்று நிமிடம்:

"நான் சொன்னதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் பேசல, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் மேடம். ஏதாவது ஆறுதலா சொல்லலாமேன்னு தோணுச்சு."

"எனக்கும் தோணும், அடக்கிக்குவேன். அந்தச் செய்தியைக் கேட்ட நிமிஷத்துல வேற எதுவும் காதுல ஏறாது. அப்ப கீமோதெரப்பி பத்திச் சொன்னா மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லணும். அவர் பேசத் தொடங்குறதுதான் எனக்கு அடையாளம். ஆனா ஒண்ணு, சிலர் அந்த மௌனத்துல பயந்து போவாங்க. அவங்க என் முகத்தையே பார்ப்பாங்க. அப்ப 'நான் இங்கதான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுவேன்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் இல்லாவிட்டால், மாணவர் எல்லா நோயாளியிடமும் பத்து நொடி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விதியோடு விலக்கும் சேர்ந்து போனதால்தான் அது அறிவாகிறது. மனதில் ஓடுவதை இப்படி வெளியே சொல்வதற்கு வாய்விட்டுச் சிந்தித்தல் என்று பெயர். நோயாளி முன்னிலையில் சொல்லக்கூடியதை அங்கேயே சொல்லலாம், மற்றது தாழ்வாரத்துக்கு.

## குறுக்குவழி மட்டும் ஒட்டிக்கொண்டால்

திறமை மிக்க ஆசிரியரிடமிருந்தே கெட்ட பழக்கம் வரும் வழி ஒன்று உண்டு. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது எங்கள் எண்ணம்.

மூச்சுத்திணறலோடு ஒருவர் வந்திருக்கிறார். இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு நொடி நிற்கிறார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு இடத்தில் வைக்கிறார். "இதயம் பலவீனம். நீர் கோத்திருக்கு." அவ்வளவுதான், சரியான முடிவு.

அந்த இரண்டு நொடியில் அவர் பார்த்தவை நிறைய: நோயாளி படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்திருந்தது, கழுத்துச் சிரை புடைத்திருந்தது, இரு கணுக்காலும் வீங்கியிருந்தது. ஸ்டெதாஸ்கோப் அவருக்கு உறுதிப்படுத்திக்கொள்ள மட்டுமே தேவைப்பட்டது. மாணவர் கண்ணில் பட்டதோ, மூச்சுத்திணறல் என்றால் முதுகின் அடியில் இரண்டு இடத்தில் கேட்டால் போதும் என்பது. அடுத்த வாரம், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிப்போன ஓர் இளைஞர் வருகிறார். உட்கார்ந்திருப்பவரிடம் அந்தக் காற்று மேலே போய்த் தேங்கும். மூச்சொலி குறைந்திருப்பது மார்பின் மேல்பகுதியில். மாணவர் முதுகின் அடியில் மட்டும் கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்கிறார்.

இப்படிக் குறுக்குவழி மட்டும் ஒட்டாமலிருக்க வழி எளிது. அனுபவசாலி ஒரு படியைத் தாண்டும்போது, தாண்டியதைச் சொல்ல வேண்டும்: "நெக் வெயினையும் காலையும் பார்த்துட்டதால நான் இங்க மட்டும் கேட்டேன். நீங்க முன்னாலயும் பின்னாலயும், மேலேர்ந்து கீழ, ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கேளுங்க." பத்து நொடிகூட ஆகாது.

## அச்சிடாத பாடத்திட்டம்

மருத்துவக் கல்லூரி எழுதிவைத்திருக்கும் பாடத்திட்டம் ஒன்று. அங்குள்ள நடைமுறை, பேச்சு, யாரைப் பாராட்டுகிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள் என்பதிலிருந்து மாணவர் கற்பது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு மறைமுகப் பாடத்திட்டம் என்று பெயர். 1968-இல் பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்த பிலிப் ஜாக்சன் பயன்படுத்திய இந்தச் சொல்லை, 1990களில் மருத்துவக் கல்விக்குக் கொண்டுவந்து விளக்கியவர்களில் முக்கியமானவர் பிரெடெரிக் ஹாஃபர்ட்டி.

காலையில் நோயாளியின் இரகசியம் காப்பது பற்றி வகுப்பு. மதியம் லிஃப்டில், வெளியாட்கள் நிற்கும்போதே, "அந்த ஏழாம் நம்பர் பெட்டுக்கு ரிசல்ட் வந்திடுச்சா?" என்று ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் நோயின் பெயரோடு பதில் சொல்கிறார். இரண்டில் எது மாணவருக்குள் தங்கும்? லிஃப்ட்தான். வகுப்பு தேர்வுக்கு, லிஃப்ட் நிஜத்துக்கு என்று அவர் மனம் பிரித்துக்கொள்ளும். மனிதர் படுக்கை எண்ணாக மாறுவதும் இந்த வழியில்தான்.

## கெட்ட முன்மாதிரியிடம் பாடம் கிடைக்குமா?

"எப்படி இருக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளலாமே" என்று சொல்வதுண்டு. ஓரளவு உண்மை. மாணவருக்கு ஏற்கெனவே எது சரி என்ற தெளிவு இருந்து, பார்த்ததைப் பேச நம்பகமான ஒருவரும் இருந்தால் கற்றுக்கொள்ளலாம். முதல் வாரத்தில், மூத்த மருத்துவர் ஒருவர் நோயாளி முன்னால் ஒரு நர்ஸைப் பார்த்துக் கத்துவதைக் காணும் மாணவருக்கு நெஞ்சு பதறும். மூன்றாம் மாதத்தில் பதறாது. ஆறாம் மாதத்தில், "பிஸியான வார்டு, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே விளக்கம் சொல்வார். அந்தக் கத்துபவர் அறுவைச் சிகிச்சையில் வல்லவராகவும் இருந்துவிட்டால் நிலைமை மோசம். கடுமையும் திறமையின் ஒரு பகுதி என்று மாணவர் சேர்த்தே எடுத்துக்கொள்வார். அதனால் திறமையையும் குணத்தையும் பிரித்துப் பார்க்க மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நல்ல ஆசிரியருக்கும் மோசமான நாள் வரும். எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்துவிட்டால், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்வதுதான் வழி. தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அந்த ஒருவருக்கு மனம் ஆறும்; பார்த்த மற்ற ஏழு பேருக்குப் பழைய காட்சிதான் மிஞ்சும். மருந்தின் அளவில் நேரும் தவறுக்கும் இதே முறை: என்ன நடந்தது என்று நோயாளியிடம் நேராகச் சொல்வது, வருத்தம் தெரிவிப்பது, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்வது, மறுபடி நேராமலிருக்க என்ன மாற்றுகிறோம் என்று சொல்வது. மாணவர் இதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். பார்க்காதவர், தன் முதல் தவறை மறைக்கத்தான் பார்ப்பார்.

## ஆசிரியர் நாளை காலையே தொடங்கக்கூடியவை

ரவுண்ட்ஸ் முழுவதும் விளக்கிக்கொண்டே போக யாருக்கும் நேரம் இல்லை. ஒரு ரவுண்ட்ஸில் ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுங்கள். அறைக்குள் போகுமுன் ஒரு வாக்கியம்: "இன்னிக்கு நான் எப்படிக் கேள்வி கேட்கிறேன்னு மட்டும் பாருங்க." இது கவனத்தை ஓரிடத்தில் குவிக்கும், சொல்லாவிட்டால் மாணவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வழக்கம்போல் வேலை. வெளியே வந்து இரண்டு மூன்று நிமிடம். முதல் கேள்வி "என்ன பார்த்தீங்க?" என்பதாக இருக்கட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

"எனக்குத் தெரியல, பார்த்துச் சொல்றேன்" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் பார்த்துவந்து சொல்லுங்கள். இரண்டாம் பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் தப்பித்தலாகத் தெரியும்.

## மாணவர் செய்யக்கூடியவை

எல்லாம் நிறைந்த ஒருவரைத் தேடாதீர்கள். ஒருவரிடம் பரிசோதிக்கும் கை, ஒருவரிடம் கேட்கும் காது, ஒருவரிடம் குழுவை நடத்தும் பக்குவம் என்று பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும் காதுக்கு ஓர் எளிய பயிற்சி: நோயாளி பேசத் தொடங்கியதிலிருந்து மருத்துவர் குறுக்கிடும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். 1984-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் அது சராசரியாக 18 நொடிகளாக இருந்தது. பிறகு உங்களையே எண்ணிப் பாருங்கள்.

தினமும் ஒரு செயலைக் குறித்துவைத்து, "இதை ஏன் இப்படிச் செய்தீங்க?" என்று கேளுங்கள். தவறு கண்டுபிடிக்கும் குரலில் அல்லாமல், தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

## பேராசிரியர் மட்டுமல்ல

பேராசிரியரோடு மாணவர் இருப்பது ஒரு நாளில் ஓரிரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பயிற்சி மருத்துவர்களோடு. அவர்களுக்கோ, தங்களையும் யாரோ பார்த்துக் கற்கிறார்கள் என்ற நினைப்பே இருப்பதில்லை. பணியில் சேரும் முதல் நாளே இதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு இரத்தம் எடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சி மருத்துவர், "உங்க பேரு இதுதானே?" என்று கேட்காமல், "உங்க பேரைச் சொல்லுங்க" என்று நோயாளியையே சொல்லவைத்து, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிடுகிறார். இரத்தம் எடுத்த பிறகு, படுக்கையருகிலேயே குழாயில் பெயரை ஒட்டுகிறார். இன்னொருவர் நான்கு பேரின் குழாய்களையும் எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்து மொத்தமாக ஒட்டுகிறார். ஒருவரின் இரத்தம் இன்னொருவர் பெயரில் போவது இந்த இரண்டாவது முறையில்தான், இரத்தம் ஏற்றும்போது அது உயிரையே வாங்கிவிடலாம். இருவரில் யார் பக்கத்தில் அன்றிரவு மாணவர் விழித்திருந்தாரோ, அவர் ஒட்டியதுபோலத்தான் மறுநாள் இவரும் ஒட்டுவார்.